கப்பல் தரைதட்டும், காய்ச்சல் அடிக்கும்

பத்திரிகையின் செய்திப் பிரிவுக்கு மொழிபெயர்ப்பு வேலைக்கு வருகிறவர்கள் பெரிய சொற்களைக் கண்டுதான் பயப்படுவார்கள். ‘மியூச்சுவல் ஃபண்ட்’, ‘இம்பீச்மென்ட்’ என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு எழுந்து வருவார்கள். அவற்றுக்கெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்தால் போதும். பரஸ்பர நிதி, பதவிநீக்கத் தீர்மானம் என்று வைத்துவிட்டால் அப்புறம் அந்தச் சொல் நம்மைத் தொந்தரவு செய்யாது. அன்றாடம் வேலை வைக்கிற சொல் வேறு. ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து: ரன்.

ஒரே இரவில் வருகிற செய்திகளில் ஒரு கப்பல் ‘ரன்’ ஆகி மணலில் சிக்கியிருக்கும். ஒருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்வார். ஒரு வங்கியின் மேல் ‘ரன்’ நடக்கும். ஒரு கைதியின் தண்டனை ‘ரன்’ ஆகும். ஏரி ‘ரன்’ ஆகி வற்றும். விளையாட்டுப் பக்கத்தில் ஒருவர் ‘ரன்’ எடுக்கப்போய் ‘ரன் அவுட்’ ஆவார். அகராதியின் முதல் பொருளை நம்பி எழுதினால் இத்தனை பேரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். தமிழில் கிரிக்கெட்காரரைத் தவிர ஒருவரும் ஓடுவதில்லை.

ஆங்கிலேயர்களுக்கே இது பெரிய வேலைதான். ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக இருந்து உருவாக்கிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884-ல் வந்தது. முழுவதும் முடிய 1928 ஆயிற்று. மர்ரே அதைப் பார்க்காமலே 1915-ல் காலமானார். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைக்கு: 430 பொருள், ஏறத்தாழ 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து, 645 பொருள்களைப் பிரித்துக் கொடுத்தார். இயந்திரங்கள்தான் காரணம் என்கிறார்கள். ரயில், கடிகாரம், ஆலை, கணினி நிரல் என்று புதிதாக எது வந்தாலும் ஆங்கிலம் அதை இந்த வினையிடமே ஒப்படைத்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் இருந்தது. பின்னால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் இன்றைக்குக் கடையும் ‘ரன்’ ஆகும், கடைக்காரரும் கடையை ‘ரன்’ செய்வார். தமிழ் அப்படிக் கலக்கவில்லை. ஓடு, ஓட்டு. நட, நடத்து. இயங்கு, இயக்கு. செய்கிறவர் யார், தானாக நடப்பது எது என்பதை முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வினையை எழுத முடியாது. மொழிபெயர்ப்பாளர் முதலில் சிக்குகிற இடம் இதுதான்.

நான் 1983-ல் வேலைக்குச் சேர்ந்தபோது டெலிபிரிண்டர் காலம். பி.டி.ஐ., யு.என்.ஐ. செய்தி நிறுவனங்கள் இரண்டின் இயந்திரங்களும் தனி அறையில் இரவெல்லாம் கடகடவென்று காகிதத்தைக் கக்கும். உதவியாளர் அதை ஸ்கேல் வைத்துக் கிழித்து, உலகம், தேசம், வணிகம் என்று பிரித்து மேசைக்கு மேசை போட்டுவிட்டுப் போவார். மாவட்டப் பதிப்புப் பக்கங்கள் சீக்கிரம் முடியும் என்பதால் யோசிக்க நேரமே இருக்காது. மேசையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கும். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை வந்த பெரும்பணி அது. கலைச்சொற்களுக்கு அதைப் போல உதவிய நூல் வேறில்லை. ஆனால் சின்ன வினைகளைத் தேடிப்போனால் தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். எது எந்த இடத்துக்கு என்று அதுவே சொல்லாது. சொல்ல வேண்டியதும் அதன் வேலையில்லை.

அதைச் சொன்னவர் எங்கள் தலைமை உதவி ஆசிரியர். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு பேச்சுவார்த்தை பற்றிய பி.டி.ஐ. செய்தியில், அது ‘ரஃப் வெதர்’ ஒன்றுக்குள் ‘ரன்’ ஆகிவிட்டது என்று இருந்தது. இந்திய ஆங்கிலச் செய்திகளுக்கு மிகவும் பிடித்த தொடர் அது; இன்றைக்கும் வாரத்துக்கு ஒன்றாவது வரும். நான் காகிதத்தோடு அவரிடம் போனேன்.

“சார், இதுக்கு என்ன போடுறது?”

அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. “எது ஓடுது?” என்றார்.

“பேச்சுவார்த்தை சார்.”

“பேச்சுவார்த்தைக்கு நம்ம ஊர்ல என்ன ஆகும், தம்பி?”

“இழுபறி ஆகும் சார்.”

“அதை எழுது. அவன் என்ன வினை போட்டிருக்கான்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் சொன்னதை நான் தொழில் முறையாகவே எடுத்துக்கொண்டேன். ஆங்கில வினையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. அதற்கு முன்னால் நிற்பது யார், பின்னால் நிற்பது எது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டையும் தமிழில் எழுதிவிட்டு, நம் ஆட்கள் இந்தப் பொருளுக்கு எந்த வினையைக் கொடுப்பார்கள் என்று காதில் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு வினைதான் வந்து நிற்கும். காய்ச்சலை ஆங்கிலத்தில் ‘ரன்’ செய்வார்கள். நமக்குக் காய்ச்சல் அடிக்கும். மூக்கு அங்கே ‘ரன்’ ஆகும், இங்கே ஒழுகும். துணியில் சாயம் போகும். குழாயில் தண்ணீர் வரும். நாய் மேல் வண்டி ஏறும். பழைய நண்பர் எதிர்ப்படுவார். இத்தனையும் அங்கே ஒரே வினையின் வேலை. இங்கே ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று பழகிய வினை காத்திருக்கிறது. அடிப்பதும் ஒழுகுவதும் ஏறுவதும் அந்தந்தப் பொருளோடு சேர்ந்தே நம் நாவில் வளர்ந்தவை. காய்ச்சல் ஒழுகாது, மூக்கு அடிக்காது.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு அருகே மணலில் வந்து நின்றது. உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் கடலில் உயிரிழந்தார்கள். அன்றைக்கு ஆங்கிலச் செய்திகள் எல்லாமே கப்பல் ‘ரன் அகிரவுண்ட்’ ஆனது என்றுதான் வந்துகொண்டிருந்தன. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருவர், ‘கப்பல் கரை ஒதுங்கியது’ என்று எழுதியிருந்தார். படிக்கிறவருக்குப் புரியாமல் போகாது. ஆனால் கரை ஒதுங்குவது வேறு. கடலில் இறந்த திமிங்கிலம் கரை ஒதுங்கும், உடைந்த கட்டுமரம் ஒதுங்கும், மூழ்கிப்போனவரின் உடல் ஒதுங்கும். தன் வசத்தில் இல்லாமல், அலை கொண்டுவந்து போட்டதுதான் ஒதுங்குவது. மாலுமிகள் உள்ளே உயிரோடு போராடிக்கொண்டிருக்கும்போது கப்பல் ஒதுங்கியது என்று எழுதினால் எல்லாம் முடிந்துபோனது போல ஆகிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் கப்பலின் அடிப்பாகம் நிலத்தைத் தொட்டு அசைய முடியாமல் நிற்பதற்குக் கடலோரத்தில் சொல் இருக்கிறது: தரைதட்டுவது. பழைய தலைமை உதவி ஆசிரியரிடம் கேட்ட சொல். அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, “அது முட்டி நிக்குற சத்தமே கேக்குது சார்” என்றார். மறுநாள் தலைப்பில் அதுதான் போயிற்று. 2021 மார்ச் 23-ல் ‘எவர் கிவன்’ என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வணிகத்தை நிறுத்தி வைத்தபோதும், தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இந்தச் சொல் தயாராக இருந்தது.

கப்பலிலாவது சொல் சற்றுப் பிசகினால் நடை கெடும். நீதிமன்றச் செய்தியில் பிசகினால் ஒரு மனிதரின் ஆண்டுகள் மாறிவிடும். ஒரு வழக்கில் ஒரு பிரிவின் கீழ் 3 ஆண்டு, இன்னொரு பிரிவின் கீழ் 4 ஆண்டு சிறை என்று வைத்துக்கொள்வோம். 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-வது பிரிவு, ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தால் அவை ஒன்று முடிந்தபின் ஒன்று தொடங்க வேண்டும் என்றது. நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட்டால் மட்டும் அவை சேர்ந்தே ‘ரன்’ ஆகும். முதல் வகையில் 7 ஆண்டு. இரண்டாம் வகையில் 4 ஆண்டு. இடையில் மூன்று வருடம் இருக்கிறது. ஏஜென்சி செய்தியில் அது கடைசிப் பத்தியில், வாலில் ஒட்டியதுபோல் ஒரே ஒரு வரியாக வரும். இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுகிற வரியும் அதுதான்.

தமிழில் தண்டனைகள் ஓடா. சேர்ந்து இயங்கவும் மாட்டா. ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார்’ என்பதுதான் நம் நீதிமன்றச் செய்திகளின் நடை. ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் தண்டனை. தமிழ் வாக்கியத்தில் தண்டனையைச் சுமக்கிறவர் உள்ளே வந்துவிடுகிறார். அங்கே ஆளே இல்லாமல் சட்டம் நகர்கிறது. இங்கே ‘அனுபவிக்க’ என்று எழுதியதும் ஒரு மனிதர் அந்த ஆண்டுகளைக் கழிப்பது தெரிகிறது. யார் முதலில் இதை இப்படித் தமிழாக்கினார்களோ, அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மாவட்ட நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொல்லும்போதுகூட, “ஏககாலம்தான் சார், எழுதிக்குங்க” என்று அழுத்திச் சொல்வார்கள். நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரும் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது அதைத்தான். சிலர் ‘ஒரே நேரத்தில்’ என்று எளிமைப்படுத்துவார்கள். அதில் பிழையில்லை. ‘தொடர்ந்து அனுபவிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாகவா, இடைவெளி இல்லாமலா என்று இரண்டு பக்கமும் அது சாயும். ஒன்றன்பின் ஒன்று என்றால் ‘அடுத்தடுத்து’ என்று எழுத வேண்டும். இந்த ஒரு வரியை வெட்டக் கூடாது என்பதை எங்கள் பிரிவில் சட்டமாகவே வைத்திருந்தேன். பக்கத்தில் இடமில்லை என்றால் வழக்கின் முன்கதையை வெட்டலாம். அந்த வரி இருக்க வேண்டும்.

வங்கிதான் உண்மையிலேயே கடினம். நொடித்துப்போன நிறுவனத்துக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. திவால் என்போம், நொடித்தது என்போம், மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்போம். அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் சென்னையில் நொடித்துப்போனதில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆக, அனுபவம் நமக்குப் பழசு. ஆனால் நொடிப்பதற்கு முந்தைய அந்தக் கட்டத்துக்கு, பணம் போட்ட எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டு வருகிற அந்த நிலைக்கு, ஒற்றைச் சொல் இல்லை. ‘வங்கி ஓட்டம்’ என்று மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன். வங்கி எங்கேயோ ஓடிப்போன மாதிரி இருக்கும். ‘வங்கியை முற்றுகையிட்டனர்’ என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகையில் முற்றுகை என்றால் கொடி பிடித்துக் கோஷம் போடுவது. படிக்கிறவர் போராட்டம் என்றே நினைப்பார். ‘முண்டியடித்தனர்’ என்பது 2007-ல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்குப் பொருந்தியது. கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்ற படங்களே வந்தன.

2023 மார்ச் 9-ல் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. பெரும்பகுதி கணினியிலும் கைபேசியிலும் நடந்த வேலை அது. வாசலில் முண்டியடித்ததாக எழுதினால் அது செய்தியைத் திரிப்பது. ஆங்கில வினைக்கு அந்தக் கவலை இல்லை. கால் ஓடினாலும் பணம் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். நாம்தான் எப்படிப் போனது என்று கேட்டாக வேண்டும். அந்தச் செய்தியைப் பார்த்த நண்பர் ஒருவருக்கு நான் சொன்ன வாக்கியம்: ‘பணம் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் பணத்தைத் திரும்ப எடுக்கத் தொடங்கியதால் வங்கி முடங்கியது.’ நீளம்தான். ஆனால் ஒரு மளிகைக் கடைக்காரர் படித்தால் வங்கிக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவார். ஒற்றைச் சொல் கிடைக்காத இடத்தில் வாக்கியமாக எழுதிவிடுவதில் எனக்கு வெட்கமே இருந்ததில்லை.

தேர்தல் சுலபம். அமெரிக்க வேட்பாளர் ஓடுவார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிற்பார். நாமும் ‘எந்தத் தொகுதியில நிக்கிறார்?’ என்றுதான் கேட்கிறோம். எழுத்தில் ‘போட்டியிடுகிறார்’. 2020 ஆகஸ்டில் ஜோ பைடன், கமலா ஹாரிஸைத் தன்னோடு சேர்த்து ‘ரன்’ செய்கிறவராக அறிவித்தபோது கமலாவின் தாய்வழிப் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் வரைக்கும் செய்தி ஆயிற்று. துணை அதிபர் வேட்பாளர் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதற்குமேல் அங்கே ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் ஓடுகிற இடங்களில் தமிழ் எத்தனை இடத்தில் நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். கடை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், அரசாங்கமே நடத்துகிறோம். அங்கே இவை எல்லாவற்றையும் ‘ரன்’ செய்கிறார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைகிறவரை, தூணுக்கும் கம்பத்துக்கும் ஓடவைத்ததாக இந்திய ஆங்கிலச் செய்தி எழுதும். நம் ஆள், “தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்துட்டேன்” என்பார். ‘அலைக்கழித்தார்கள்’, ‘இழுத்தடித்தார்கள்’ என்றும் சொல்வார். இந்த மூன்றில் எதைப் போட்டாலும் அவருடைய களைப்பு வாக்கியத்தில் வந்துவிடும். ‘அலுவலகங்களுக்கு ஓட வேண்டிய நிலை ஏற்பட்டது’ என்று எழுதினால் அவர் ஏதோ சுறுசுறுப்பாக இருந்த மாதிரி ஆகிவிடுகிறது.

பேருந்து விஷயத்தில் எழுத்துத் தமிழ் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ‘சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்’ என்று செய்தி போடுகிறோம். கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ நிற்கிற பயணியிடம் கேளுங்கள். “ஸ்பெஷல் பஸ் விட்டிருக்காங்களாம்” என்பார். விடுவது. பட்டம் விடுகிறோம், படகு விடுகிறோம், தண்ணீர் விடுகிறோம், பஸ்ஸும் விடுகிறோம். நம்மிடம் இருப்பதை இன்னொருவர் பயனுக்காக வழியில் அனுப்புவது என்ற பொருள் அந்தச் சின்ன வினைக்குள் இருக்கிறது. ‘இயக்குதல்’ அரசாணைக்குப் பொருத்தமாக இருக்கலாம். செய்தித்தாளில் ‘கூடுதல் பேருந்துகள் விடப்படும்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. ஒருமுறை தலைப்பில் ‘விட’ என்று போட்டுப் பார்த்தேன். கொச்சையாக இருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் மாற்றினார்கள். இன்றைக்கும் அது கொச்சை இல்லை என்றே சொல்வேன்.

நம் ‘ஓடு’ ஒன்றும் ஏழை வினை இல்லை. இங்கே படம் ஓடுகிறது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது. ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, சுவரில் கடிகாரம் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, உடம்பில் இரத்தம் ஓடுகிறது. காலம் ஓடிப்போகிறது. பதறினால் கையும் ஓடாது காலும் ஓடாது. மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்த் திருமணம் செய்கிறார்கள். வேலைநிறுத்தம் என்றால் பஸ் ஓடாது. இவற்றில் சில ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும். அந்த ஒற்றுமைதான் ஆபத்து. நாலு இடத்தில் பொருந்தியதும் ஐந்தாவது இடத்திலும் பொருந்தும் என்று கை தானாக எழுதிவிடும். ‘சர்க்கரை நோய் அவர்கள் குடும்பத்தில் ஓடுகிறது’ என்று வந்த காப்பியை அடித்துவிட்டு, ‘அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சர்க்கரை நோய் இருக்கிறது’ என்று எழுதினேன். ‘பரம்பரையாக வருகிறது’ என்றாலும் சரி. நோய் வரும், ஓடாது.

அதனால் இளையவர்களிடம் ஒரு வழக்கத்தைப் பரிந்துரைத்து வந்திருக்கிறேன். இந்த மாதிரி வினைகளுக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதியை மூடி வையுங்கள். தமிழ்-தமிழ் அகராதியைத் திறந்துகொள்ளுங்கள். 1992-ல் முதல் பதிப்பு வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இந்த வேலைக்கு எனக்குப் பெரிய துணை. அதில் வினைக்குப் பொருளைச் சொல்லிவிட்டு, அது வாழ்கிற வாக்கியத்தையும் கொடுத்திருப்பார்கள். ‘அடி’, ‘விடு’, ‘போடு’, ‘எடு’, ‘பிடி’ போன்ற வினைகளின் பதிவுகளை உட்கார்ந்து நிதானமாகப் படித்தால், செய்தித் தமிழில் நாம் தொடாமலே விட்டுவைத்திருக்கிற வினைகள் எத்தனை என்று தெரியும். 2008-ல் விரிவாக்கப் பதிப்பும் 2020-ல் மூன்றாம் பதிப்பும் வந்தன. மூன்று பதிப்பும் என்னிடம் இருக்கின்றன.

விட்டுவைத்த அந்த இடங்களை எல்லாம் எது அடைத்துக்கொண்டது என்று பார்த்தால் ஒரே சொல்லாக இருக்கிறது: மேற்கொள். ஆய்வு மேற்கொள்ளப்படுகிறது, சோதனை மேற்கொள்ளப்படுகிறது, பயணம் மேற்கொள்ளப்படுகிறது, தூர்வாரும் பணி மேற்கொள்ளப்பட்டு வருகிறது. ஆங்கிலத்தின் ‘ரன்’, ‘டேக்’, ‘கேரி அவுட்’, ‘கண்டக்ட்’ எது வந்தாலும் இதையே போட்டுக் கடந்துபோகலாம். இலக்கணப் பிழை இல்லை, மேலதிகாரி கேள்வி கேட்கமாட்டார், பக்கமும் சீக்கிரம் முடியும். ஆனால் தூர்வாருவது யார் என்பது மறைந்துவிடுகிறது. ‘ஏரியைத் தூர்வாருகிறார்கள்’ என்றால் யார் என்று அடுத்த கேள்வி வரும். ஒப்பந்ததாரர் பெயர் வேண்டியிருக்கும். நிருபருக்குப் போன் போட வேண்டியிருக்கும். மேற்கொள்ளப்பட்டுவிட்டால் ஒருவருக்கும் வேலை இல்லை. மொழி கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், செய்தியே கெடுகிறது என்பதுதான் எனக்குத் தாங்காதது. காலம் முழுவதும் இந்தச் சொல்லோடுதான் சண்டை போட்டிருக்கிறேன்.

கிரிக்கெட்டில் அந்தப் பிடிவாதம் எனக்கு இல்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ரன் என்று எழுதுகின்றன, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் வானொலியும் ஓட்டங்கள் என்கின்றன. இலங்கை வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்; 50 ஓட்டங்கள் என்று கேட்கும்போது இரண்டு பேர் விக்கெட்டுகளுக்கு நடுவே ஓடியது கண்ணுக்குத் தெரியும். என்றாலும் தெருவில் ஆடுகிற பையன் ரன் என்று சொல்லும்போது, அதை அடித்து ஓட்டம் ஆக்க நான் முன்வரமாட்டேன். 2019 ஜூலை 10-ல் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட் ஆனபோது, அன்றிரவு தமிழ்நாட்டில் வேறு எந்தச் சொல்லும் எடுபட்டிருக்காது. கடனாக வந்த பெயர்ச்சொல் தமிழ் வாக்கியத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். வினைதான் அப்படியில்லை. அது பிசகினால் வாக்கியம் முழுவதும் பிசகும்.

அதே 2019 ஜூனில், சென்னை ‘ரன் ட்ரை’ ஆகிவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் அநேகமாக வெறும் சேறாகக் கிடந்தன. அந்த நாட்களில் எங்கள் செய்திகளில் ஏரியும் வறண்டது, குழாயும் வறண்டது, நகரமே வறண்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினை வந்துகொண்டிருந்தது. திருத்திக் கொடுத்தேன். ஏரி வற்றும், கிணறு வற்றும். நிலம் வறளும், தொண்டை வறளும். குடத்தில் இருப்பது தீரும். குழாயில் வராது. லாரி வரும், அல்லது வராது. தெருவில் குடத்தோடு நின்றவர்கள் இவற்றை ஒருபோதும் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு காப்பியில் ‘கடந்த 4 நாட்களாக அப்பகுதியில் குடிநீர் விநியோகம் மேற்கொள்ளப்படவில்லை எனக் கூறப்படுகிறது’ என்று இருந்தது. நிருபரைக் கூப்பிட்டு, அங்கே இருந்தவர் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். “நாலு நாளா தண்ணி விடலைன்னு ஒரு அம்மா சொன்னாங்க சார்” என்றார். அந்த அம்மா சொன்னபடியே, ‘4 நாட்களாகத் தண்ணீர் விடவில்லை’ என்று அச்சுக்குப் போயிற்று.